வல்வெட்டித்துறை கப்பலை வாங்கிய அமெரிக்கர்: யார் இந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்தால் உப்பளங்களைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். கரையில் நிற்பவை எல்லாம் ஃபைபர் படகுகள், பின்னால் மோட்டார். பாய் கட்டிய படகைப் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் இது பாய்க்கப்பல் பார்த்த கரை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், இன்றைய திண்டிவனம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

மரக்காணத்தில் நின்றுகொண்டு போனில் மேப்பைத் திறந்து நேர் தெற்கே விரலை இழுத்துப் பாருங்கள். நடுவில் நிலமே வராது. சுமார் 260 கிலோமீட்டர் கடலைத் தாண்டி விரல் நிற்கிற இடம் யாழ்ப்பாணத்தின் வடகரை, வல்வெட்டித்துறை. 1930-ல் அங்கே கட்டிய ஒரு மரக்கப்பல், எட்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போய் நங்கூரம் போட்டது. அதன் பெயர் அன்னபூரணி அம்மாள். அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்.

கப்பலின் கதை யாழ்ப்பாணத்தில் ஓரளவு தெரிந்த கதை. வாங்கியவர் யார், அவருக்கு எதற்கு ஒரு பழைய தமிழ்க் கப்பல் என்பது பலருக்கும் தெரியாது. பாய்மரப் பயண உலகில் அவர் சாதாரண ஆள் இல்லை.

வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றிய இன்ஜினீயர்

ராபின்சன் பிறந்தது 1902-ல். படித்து இன்ஜினீயர் ஆகி, நியூயார்க்கில் ஜவுளித் துறையில் வேலை பார்த்தார். இன்றைய ஐடி இளைஞர்களுக்கு அவருடைய மனநிலையை விளக்க வேண்டியதே இல்லை. பகலில் வேலை, மனசெல்லாம் வேறெங்கோ. அவர் விஷயத்தில் அந்த வேறெங்கோ என்பது கடல். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு படகை வாங்கினார்.

படகு சிறியது. நீளம் 32 அடி சொச்சம், கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளம். இரண்டு பாய்மரம். 1925-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கட்டியது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர்தான் நம்மைக் கொஞ்சம் நிறுத்துகிறது: ஸ்வாப். சமஸ்கிருதத்தில் உறக்கம், கனவு என்று பொருள். சொப்பனம் என்று நாம் சொல்கிறோமே, அதே வேர்.

1928 ஜூனில் கிளம்பினார். வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. பனாமா, கலாபகோஸ், தாஹிட்டி என்று பசிபிக்கைக் கடந்தார். தாஹிட்டியில் எட்டேரா என்ற உள்ளூர்க்காரர் படகில் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து நியூ கினி, இந்தோனேசியத் தீவுகள், சிங்கப்பூர், இந்தியப் பெருங்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக். 1931 நவம்பரில் மீண்டும் நியூயார்க். மூன்றரை வருஷம். அதுவரை உலகத்தைச் சுற்றிய படகுகளிலேயே மிகச் சிறியது என்று ஸ்வாப் பேசப்பட்டது. ஜிபிஎஸ் கிடையாது, ரேடியோ கிடையாது. செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனும் நட்சத்திரமும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் சின்னப் பிழை என்றாலும் பவளப்பாறையில் போய் ஏறிவிடும்.

பயணத்தைப் புத்தகமாக எழுதினார். நன்றாக விற்றது. ராபின்சன் பிரபலமானார்.

பழைய படகு என்றால் என்ன சிக்கல்?

பழைய புல்லட்டை வாங்கி ரீஸ்டோர் செய்தவர்களுக்கு இது உடனே புரியும். வாங்கின விலை வெறும் ஆரம்பம். பைக் ரோட்டில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம், கடலில் அது முடியாது.

மரப்படகின் கேடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தொடங்கும். பலகைகளைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணி உப்புநீரில் துருப்பிடித்து, தன்னைச் சுற்றியிருக்கும் மரத்தையும் அரித்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பிடிமானம் போயிருக்கும். வெப்பக் கடலில் கப்பல் புழு மரத்தைக் குடைந்து சல்லடையாக்கும். அதற்குத்தான் அந்தக் காலத்தில் அடிப்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு அடித்தார்கள். ஆச்சரியமான விஷயம், மரத்துக்கு உப்புநீரை விட மழைநீரே மோசம். மேல்தட்டில் இறங்கித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் மரம் சீக்கிரம் உளுக்கும்.

பலகை இடுக்கில் நாரையோ பஞ்சையோ அடைத்துப் பிசின் பூசுவதைத் தமிழில் கலப்பற்று என்பார்கள். இதைத் தவறாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பாய் வெயிலில் நைந்துபோகும், கயிறு தேயும். ஆக, பழைய படகை வைத்திருப்பது என்றால், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருப்பது. பத்து வருஷத்தில் அதே படகா என்று கேட்கிற அளவுக்கு மாறிவிடும்.

இதில் ராபின்சனுக்குக் கை தேர்ந்திருந்தது. வழியெல்லாம் கிடைத்த கரையில் படகை ஏற்றி, தானே சுரண்டி, அடைத்து, பூசிக்கொண்டு போனவர் அவர். ஆனால் ஸ்வாப்பை அவர் இழந்தது படகு பழுதானதால் அல்ல.

குடல்வால் வெடித்த தீவு

உலகம் சுற்றி வந்தபின் ஃபுளோரன்ஸ் கிரேன் என்பவரை மணந்தார். ஃபுளோரன்ஸின் குடும்பம் அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று. குழாய், வால்வு, குளியலறைச் சாமான் செய்து சம்பாதித்த குடும்பம். மாசசூசெட்ஸில் இப்ஸ்விச் என்ற ஊரில், கடலைப் பார்த்த குன்றின் மேல் அவர்களுடைய மாளிகை இன்றும் சுற்றுலாத் தலமாக நிற்கிறது. சேமிப்பில் படகு வாங்கிய இன்ஜினீயரின் கணக்கு இந்த இடத்தில் மாறுகிறது. பின்னாளில் அவர் செய்த பல காரியங்களுக்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மனைவியோடு ஸ்வாப்பில் மறுபடி கலாபகோஸ் போனார். 1934-ல் அங்கே அவருக்குக் குடல்வால் வெடித்தது. பக்கத்தில் டாக்டரே இல்லாத தீவு. தற்செயலாக அந்த வழியே வந்த ஒரு சூரை மீன்பிடிக் கப்பலில் ரேடியோ இருந்தது. செய்தி பனாமாவுக்குப் போனது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் மருத்துவர்களோடு விரைந்து வந்தது. ஆபரேஷன் நடந்தது, ஆள் பிழைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் அது பெரிய செய்தி.

ஆனால் கலாபகோஸில் விட்டுவிட்டு வந்த ஸ்வாப் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. உலகத்தைச் சுற்றிய படகு, சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கைவிட்டுப் போனது.

அன்னபூரணி எங்கே வருகிறாள்?

அப்போது மேற்கு நாடுகளில் பாய்க்கப்பல் வணிகம் ஏறக்குறைய முடிந்திருந்தது. நீராவியும் டீசலும் வந்துவிட்டன. மிச்சமிருந்த பாய்க்கப்பல்கள் ஓரங்கட்டிக் கிடந்தன, அல்லது பணக்காரர்களின் பொழுதுபோக்காக மாறின.

பாக் நீரிணைப் பக்கம் நிலைமை வேறு. வல்வெட்டித்துறையில் இரண்டு பாய்மரக் கப்பல்கள் அப்போதும் கட்டப்பட்டன, கூலிக்குச் சரக்கு ஏற்றின. நாகப்பட்டினம், ரங்கூன் என்று காற்றை நம்பிப் போய் வந்தன. ஒரு பருவக்காற்றில் போவது, மறு பருவக்காற்றில் திரும்புவது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பியக் கப்பலின் சாயலில், நீள் சதுரப் பாய்களைக் குறுக்குக் கழிகளில் கட்டிய கப்பல்கள் அவை. ராபின்சன் மாதிரி ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? மியூசியத்தில் பார்க்க வேண்டிய ஒன்று துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது.

அன்னபூரணி அம்மாள் அப்படி ஒரு கப்பல். கட்டியவர் சுந்தர மேத்திரியார். நீளம் சுமார் 90 அடி. மரம், நம் ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் வேம்பும், இலுப்பையும். வேம்பு கசப்பு மரம், பூச்சி அரிப்பது குறைவு. இலுப்பை கனமான, ஈரத்தைத் தாங்கும் மரம். ஐரோப்பியர்கள் ஓக் மரத்தையும் தேக்கையும் தேடி அலைந்த வேலைக்கு, யாழ்ப்பாணத்து மேத்திரிமார் வளவில் வளர்ந்ததை வெட்டிக் கப்பல் செய்தார்கள்.

ராபின்சன் அதை வாங்கினார். மனைவியின் பெயரை வைத்தார்: ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்.

1937 பிப்ரவரியில் கப்பல் புறப்பட்டது. ஓட்டியவர்களில் முக்கியமானவர்கள் வல்வெட்டித்துறைக்காரர்கள். தண்டயல், அதாவது மாலுமிகளின் தலைவர், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. பிப்ரவரி என்பது சும்மா தேர்ந்தெடுத்த மாதம் இல்லை. அப்போது வடகிழக்குக் காற்று வீசும். அரபிக்கடலைத் தாண்டி ஏடன் பக்கம் போக அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி.

சிக்கல் செங்கடலில். அதன் வட பாதியில் வருஷம் முழுக்கப் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று. சூயஸுக்குப் போகிற கப்பலுக்கு அது நேர் எதிர்க்காற்று. குறுக்குப் பாய் கட்டிய கப்பல் எதிர்க்காற்றில் நேராகப் போகவே முடியாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டி, பத்து மைல் ஓடி இரண்டு மைல் முன்னேறுகிற கதை. இருபுறமும் பவளப்பாறை வேறு.

சூயஸ் தாண்டி மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பிறகு அட்லாண்டிக். வங்கக் கடலுக்காகக் கட்டிய கப்பல் அது. தம்பிப்பிள்ளையும் மற்றவர்களும் அதுவரை பழகிய காற்று, வானம், குளிர் எதுவும் அங்கே இல்லை. பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1 அன்று குளோஸ்டர் துறைமுகத்தில் கப்பல் வந்து சேர்ந்தது. ஒன்றரை வருஷப் பயணம்.

குளோஸ்டர் அமெரிக்காவின் பழைய மீன்பிடி ஊர். கப்பலைப் பற்றி எல்லாம் தெரிந்த ஊர்க்காரர்கள் இதை வேடிக்கை பார்த்தார்கள், பத்திரிகைகள் எழுதின. பெயர்ப்பலகையில் அன்னபூரணி இல்லை. ராபின்சனைத் தேடினால் இன்றும் புத்தகம், படம், கட்டுரை என்று கிடைக்கிறது. அட்லாண்டிக்கை ஒரு வேப்ப மரக் கப்பலில் தாண்டிய தண்டயலைத் தேடினால் வல்வெட்டித்துறைக்காரர்கள் பாதுகாத்து வைத்ததைத் தவிர அதிகம் கிடைக்காது. ராபின்சன் கெட்ட எண்ணத்தில் பெயரை மாற்றினார் என்று சொல்ல முடியாது. வாங்கிய கப்பலுக்குப் புதுப் பெயர் வைப்பது எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் பெயர் போனால் கூடவே போகிறவை சில உண்டு.

பட்டறை முதலாளி

இதற்குள் ராபின்சன் இப்ஸ்விச்சில் சொந்தமாகக் கப்பல் பட்டறை வைத்திருந்தார். அங்கேயும் அவருடைய ருசி பழசுதான். 1778-ம் ஆண்டுக் கப்பல் ஒன்றின் வரைபடத்தை அடிப்படையாக வைத்து, 70 அடியில் ஸ்விஃப்ட் ஆஃப் இப்ஸ்விச் என்ற கப்பலை 1938-ல் இறக்கினார். பின்னர் அதை ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் காக்னி வாங்கினார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கும் கப்பலானது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பட்டறையில் கடற்படைக்கான வேலை குவிந்தது. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் தனக்கென்று ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டார். பெயர் வாருவா. தாஹிட்டி மொழியில் ஆன்மா. 70 அடி நீளம். வரைந்தவர் ஸ்டார்லிங் பர்ஜஸ், அமெரிக்கா கோப்பையை வென்ற பந்தயப் படகுகளை வடிவமைத்தவர். 32 அடியில் உலகம் சுற்றியபோது பட்ட பாடெல்லாம் வாருவாவுக்குள் போனது. எலும்புக்கூடு எஃகு, மேலே மரப்பலகை. பழைய மரப்படகு எங்கே விட்டுக்கொடுக்கும் என்று தெரிந்தவர் செய்கிற வேலை.

1945-ல் போர் முடியும் தறுவாயில் வாருவாவை எடுத்துக்கொண்டு தாஹிட்டிக்குக் கிளம்பிவிட்டார். பட்டறை, மாளிகை வட்டாரம், எல்லாவற்றுக்கும் டாட்டா. ஃபுளோரன்ஸோடு இருந்த மணவாழ்க்கையும் முடிந்துபோயிருந்தது. கப்பலுக்கு வைத்த பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

50 டிகிரி தெற்கு

தாஹிட்டியில் குடும்பம் அமைந்தது, பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 1951-ல் வாருவாவை நேர் தெற்கே திருப்பினார். நோக்கம் சிலி நாட்டின் தென்கரை. அதற்கு, பூமியைச் சுற்றி மேற்குக் காற்று தடையில்லாமல் ஓடும் தென் பெருங்கடலுக்குள் இறங்க வேண்டும். நிலமே குறுக்கிடாததால் அலை வளர்ந்துகொண்டே வரும் இடம் அது.

அங்கே அடித்த புயலைப் பற்றி அவர் எழுதியதைப் பாய்மரப் பயணிகள் இன்றும் பாடம் மாதிரி படிக்கிறார்கள். அந்த அளவு காற்றில் கப்பலுக்குப் பெரிய ஆபத்து, வேகம்தான். அலையின் சரிவில் சறுக்கி இறங்கும் கப்பல் முன்மூக்கைத் தண்ணீரில் குத்திக் குட்டிக்கரணம் போட்டுவிடும். பக்கவாட்டில் திரும்பினால் உருண்டுவிடும். ராபின்சன் பாய் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கனமான கயிறுகளைப் பின்னால் தண்ணீரில் இழுத்தபடி ஓடவிட்டார். கயிறு பிரேக் மாதிரி இழுக்கும், கப்பலின் பின்பக்கம் அலைக்கு நேராக நிற்கும். கேட்க எளிது. இருட்டில், குளிரில், மலை மலையாக வரும் தண்ணீரில் சுக்கானை விடாமல் பிடித்திருக்க வேண்டும். வாருவா தாங்கியது. அவர் சிலி போய்ச் சேர்ந்தார். 1956-ல் வந்த அந்தப் புத்தகம் அவருடைய நூல்களில் சிறந்தது என்பார்கள் பலர்.

இந்தியர்களுக்கு இந்த மாதிரிப் பயணம் எட்ட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1985-ல் ராணுவத்தின் இன்ஜினீயர்ஸ் படைப்பிரிவு, பிரிட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 37 அடிப் படகுக்கு த்ரிஷ்ணா என்று பெயர் வைத்து, 1987 ஜனவரியில் உலகத்தைச் சுற்றி முடித்தது. அதுவும் பழைய படகு, அதுவும் சமஸ்கிருதப் பெயர். த்ரிஷ்ணா என்றால் தாகம்.

விழுப்புரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய்

ராபின்சன் வாழ்க்கையில் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பகுதி உண்டு. தாஹிட்டியில் அப்போது யானைக்கால் நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. அவர் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்களை வரவழைத்து, 1940-களின் இறுதியில் அங்கே ஆய்வுப் பணி தொடங்க முக்கியக் காரணமாக இருந்தார். டிஇசி என்ற மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுப்பது, கொசு வளரும் இடங்களை ஒழிப்பது என்று வேலை நடந்தது. தாஹிட்டிக் கொசு பகலில் கடிக்கும், தூக்கிப்போட்ட தேங்காய்ச் சிரட்டையில் வளரும். நம் ஊர்க் கொசு சாக்கடையில் வளர்ந்து இரவில் கடிக்கும். நோய்க்கிருமி ஒன்றுதான்.

அதே மாத்திரையை எல்லாருக்கும் கொடுக்கும் முறையைச் சோதிக்க, புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் கொசு ஆராய்ச்சி மையம் 1990-களில் தேர்ந்தெடுத்தது அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களை. ஊழியர்கள் வீட்டுக்கே வந்து, கண் முன்னால் மாத்திரையை விழுங்கச் சொன்னது இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கலாம்.

கடைசியில் ஒரு தீவு

ராபின்சன் வசம் தையாரோ என்ற சின்னப் பவளத்தீவு இருந்தது. பசிபிக்கில் துவாமோட்டு தீவுக் கூட்டத்தில், கடலோடு வாய் இல்லாமல் மூடிய உப்பேரியைச் சுற்றி வளையம் போல நிலம். ஓட்டல் கட்டியிருக்கலாம், விற்றிருக்கலாம். அதை இயற்கைக் காப்பகமாக்க வழிசெய்தார். 1977-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் அது சேர்ந்தது.

1980-களின் பிற்பகுதியில் அவர் காலமானார். தீவின் காப்பகத்துக்கு அவருடைய பெயரையே வைத்திருந்தார்கள். வல்வெட்டித்துறைக்காரர்கள் இன்றும் அந்தக் கப்பலை ஃபுளோரன்ஸ் என்று சொல்வதில்லை, அன்னபூரணி என்றுதான் சொல்கிறார்கள்.